கையில் கட்டும் டாக்டரா? ஸ்மார்ட் கடிகாரம் வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் தெருவில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். நல்ல மனிதர். சிக்கனமானவர். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்குப் போனஸ் வந்தது. ரூ.16,800.

பணம் வந்த அன்று மாலையே அவர் வீட்டில் ஒரு சிறு சபை கூடிவிட்டது.

"அப்பா, எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வேண்டும். காலேஜில் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள்" என்றான் மகன்.

"உனக்கு எதற்கு? தாத்தாவுக்கு வாங்கலாம். போன மாதம் குளியல் அறையில் வழுக்கி விழுந்தார்களே! கீழே விழுந்தால் தானாகவே போன் செய்யும் கடிகாரம் வந்திருக்கிறதாம்" என்றார் தாயார்.

தாத்தாவுக்கு வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக் கொள்கிறார். அவருடைய ஆசை வேறு.

"ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் கடிகாரம் இருக்கிறதாமே! அது இருந்தால் என் விரல் பிழைத்துப் போகும்" என்றார்.

கண்டக்டர் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், நீங்கள் பத்திரிகையில் இருக்கிறீர்கள். நாலும் விசாரித்திருப்பீர்கள். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்!" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ஆகவே விசாரித்தேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால், இந்தக் கேள்வி அவர் வீட்டில் மட்டும் கேட்கப்படுவது அல்ல. 2023-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட ஸ்மார்ட் கடிகாரங்கள் கடைகளுக்கு வந்தன. அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. வாங்கியவர்களில் பலர் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள் என்பதை நாமே பார்க்கிறோம்.

கதையில் வந்த கடிகாரம்

கடிகாரத்தில் பேசலாம் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் டிக் டிரேசி என்ற துப்பறியும் படக்கதை பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. 1946-ம் ஆண்டில் அந்தக் கதாநாயகன் கையில் ஒரு ரேடியோ கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். அதில் அவன் பேசினான். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆசைப்பட்டார்கள்!

1969-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஜப்பானில் சீக்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை நாலரை லட்சம் யென். அந்தக் காலத்தில் அங்கே ஒரு சிறிய காரே வாங்கிவிடலாம்! 1972-ல் அமெரிக்காவில் எண்களாகவே மணி காட்டும் கடிகாரம் வந்தது. தங்கத்தில் செய்தது. விலை 2,100 டாலர். இன்று அந்த இரண்டு வகைக் கடிகாரங்களும் பிளாட்பாரக் கடையில் கிடைக்கின்றன.

போனுடன் சேர்ந்து வேலை செய்யும் கடிகாரங்களில் முதலில் பெரும் புகழ் பெற்றது "பெபிள்". 2012-ல் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டி அதைச் செய்தார்கள். ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது! 2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆப்பிள் கம்பெனியின் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு உலகெங்கும் இந்தக் கடிகாரங்கள் பரவின. நம் ஓசூரில் டைட்டன் கம்பெனி இருக்கிறது அல்லவா? டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி அது. அந்தக் கம்பெனியும் இப்போது ஸ்மார்ட் கடிகாரங்களை விற்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும். அதுதான் நாடி பார்க்கும் கருவி.

இரத்தம் சிவப்பு. சிவப்பான இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். இருதயம் ஒரு முறை துடித்ததும் மணிக்கட்டில் இரத்தம் சற்று அதிகமாகப் பாய்கிறது. அப்போது பச்சை ஒளி அதிகமாக விழுங்கப்படுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்பு ஓய்ந்ததும் ஒளி கூடுகிறது. இப்படிக் கூடிக் குறைவதை எண்ணித்தான் "நாடித்துடிப்பு 72" என்று கடிகாரம் சொல்கிறது.

கடிகாரம் தளர்வாக இருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்குத் தவறும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் ஒளி தடைப்படும். குளிரில் கை விறைத்திருந்தாலும் சரியாக வராது.

இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று பார்க்கச் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஒளியையும் உபயோகிக்கிறார்கள். விரலில் மாட்டும் ஆஸ்பத்திரிக் கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அந்த ஆஸ்பத்திரிக் கருவியே கறுத்த தோல் உள்ளவர்களுக்குச் சில சமயம் தவறாக நல்ல எண்ணைக் காட்டிவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அப்படியானால் மணிக்கட்டில் கட்டும் மலிவுக் கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம்? நீங்களே யோசியுங்கள்.

துண்டுக்கும் சர்க்கரை!

நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டரின் மகன் அவசரப்பட்டுவிட்டான். தாத்தாவைச் சந்தோஷப்படுத்த நினைத்தான். போனில் விளம்பரம் பார்த்து ஒரு கடிகாரத்தை வரவழைத்துவிட்டான். விலை ரூ.1,999. "இரத்தம் எடுக்காமல் சர்க்கரை, பிரஷர், பிராணவாயு எல்லாம் பார்க்கலாம்" என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தது.

தாத்தா கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரே மகிழ்ச்சி.

"பாருங்கள் தம்பி, சர்க்கரை 109! சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. இன்று ராத்திரி ஊசி வேண்டாம் போலிருக்கிறது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய கருவியில் ஒரு தடவை விரலைக் குத்திப் பாருங்கள்" என்றேன்.

மருமகள் கருவியைக் கொண்டுவந்தார். ஒரு சொட்டு இரத்தம். ஐந்து வினாடி. 212 என்று காட்டியது!

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து, கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து இறுகச் சுருட்டினேன். அந்தக் கடிகாரத்தை அதன்மேல் கட்டினேன். சற்று நேரம் பச்சை விளக்கு எரிந்தது. நாடித்துடிப்பு 74 என்றது. பிராணவாயு 98 என்றது. சர்க்கரை 104 என்றது!

துண்டுக்கு ஏது நாடி? துண்டுக்கு ஏது சர்க்கரை?

பையன் சிரித்தான். தாத்தா சிரிக்கவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். நல்ல கடிகாரங்கள்கூடச் சில சமயம் துணியையோ வேறு பொருளையோ கை என்று எண்ணி நாடித்துடிப்புக் காட்டுவதுண்டு. திரும்பி வரும் ஒளியில் ஏதாவது ஒரு சீரான அசைவைத் தேடுவதுதான் அதன் வேலை. ஆனால் சர்க்கரை விஷயம் அப்படி அல்ல. தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் கடிகாரமோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பகிரங்கமாக எச்சரித்தது. "இவற்றை வாங்காதீர்கள், உபயோகிக்காதீர்கள்" என்றே சொல்லிவிட்டது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கடிகாரம் குறைவாகக் காட்டினால் நோயாளி மருந்தை விட்டுவிடுவார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். அதிகமாகக் காட்டினால் ஆபத்து இன்னும் பெரிது. இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வார். உண்மையான சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். புத்தி தடுமாறும். நினைவு தப்பும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இன்னொரு கருவியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள மெல்லிய இழை தோலுக்குள் போய் அளக்கிறது. இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அது டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட கருவி. அதன் எண்ணைச் சில கடிகாரங்கள் வாங்கிக் காட்டும். அங்கே அளப்பது வில்லை. கடிகாரம் வெறும் பலகைதான்.

பிரஷர் பார்க்குமா?

"பிரஷராவது பார்க்குமா, சார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

இரத்த அழுத்தத்தை அளக்க, கையைச் சுற்றிக் காற்றுப் பையை இறுக்கித் தளர்த்த வேண்டும். பச்சை விளக்கினால் அதை நேரடியாக அளக்க முடியாது. உயர்ந்த விலைக் கடிகாரங்கள் சில, நாடியின் அலையை வைத்து அழுத்தத்தை ஊகித்துச் சொல்கின்றன. அவற்றையும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை காற்றுப் பைக் கருவியோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். காற்றுப் பையே வைத்துச் செய்த கடிகாரங்களும் உண்டு. ஆனால் விலை அதிகம்.

காற்றுப் பைக் கருவி எப்படியும் வேண்டும் என்றால், அதையே வாங்கிவிடலாமே! சுமார் 2,000 ரூபாயில் நல்ல கருவி கிடைக்கிறது. வீட்டில் உள்ள எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

இருதயத்துக்கு உதவி உண்டு

கடிகாரத்தைக் குறை மட்டுமே சொன்னால் அது அநியாயம். நல்ல கடிகாரம் உண்மையாகவே உதவும் இடமும் இருக்கிறது.

சிலருக்கு இருதயம் தாளம் தப்பித் துடிக்கும். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம். முன்பே தெரிந்தால் மருந்து சாப்பிட்டுத் தடுக்கலாம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். ஆப்பிள் கடிகாரம் கட்டிய 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. 2,161 பேருக்கு "உங்கள் நாடி ஒழுங்காக இல்லை" என்று கடிகாரம் எச்சரித்தது. அவர்களில் 450 பேர், மார்பில் ஒட்டும் மருத்துவக் கருவியைக் கட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நூற்றுக்கு 34 பேருக்கு அந்தக் கோளாறு இருப்பது உறுதியாயிற்று. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது வந்து வந்து போகும் கோளாறு.

ஆகவே, கடிகாரம் எச்சரித்தால் அலட்சியம் செய்யக் கூடாது. பயந்து நடுங்கவும் கூடாது. டாக்டரிடம் போகவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது! நாடித்துடிப்பின் வரைபடம் எடுக்கும் கடிகாரத்தைச் செய்யும் ஆப்பிள் கம்பெனியே இதைத் தெளிவாகச் சொல்கிறது. மார்பில் பாரம், இடது கையில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். "76 காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பத்தாயிரம் அடி

"நான் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கப் போகிறேன்" என்றான் பையன்.

நல்ல விஷயம்தான். ஆனால் இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோவில் 1964-ல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறு வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு வைத்த பெயரின் பொருள்: "பத்தாயிரம் அடி அளவி". காதுக்கு இனிமையான பெயர். ஆராய்ச்சி செய்து கண்ட எண் அல்ல!

அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட வயதான பெண்களை ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவு சொன்னார்கள். அவர்களுடைய சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

அடி எண்ணும் கணக்கிலும் வேடிக்கை உண்டு. கடிகாரம் காலைப் பார்ப்பதில்லை. கையின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறது. துணி துவைத்தால் சில அடிகள் ஏறும். மாவு பிசைந்தால் ஏறும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தால், கை அசையாததால் குறைத்து எண்ணும்!

"அப்படியானால் நான் பஸ்ஸில் நின்றுகொண்டே பத்தாயிரம் அடி நடந்துவிடுவேன்!" என்று சிரித்தார் கண்டக்டர்.

என்றாலும் பலன் இல்லாமல் இல்லை. நேற்று 3,000, இன்று 4,000 என்று பார்க்கும்போது உற்சாகம் பிறக்கிறது. சோம்பேறியை எழுப்பி நடக்க வைக்கிறது. இந்த வேலைக்கு 2,500 ரூபாய்க் கடிகாரம் போதும்.

விழுந்தால் கூப்பிடுமா?

இனி, தாயாரின் கேள்வி. தாத்தா விழுந்தால் கடிகாரம் கூப்பிடுமா?

கூப்பிடும் கடிகாரம் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி 2018-ல் இதைக் கொண்டுவந்தது. பலமாக விழுந்து, சுமார் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தால், அவசர உதவிக்கு அதுவே போன் செய்யும். வீட்டாருக்கும் தகவல் அனுப்பும். தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு இது பெரிய துணை.

ஆனால் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஆப்பிள் கடிகாரம் ஆப்பிள் போனுடன்தான் சேரும். கண்டக்டர் வீட்டில் இருப்பது சாதாரண ஆண்டிராய்டு போன். ஆகவே போனும் புதிதாக வாங்கவேண்டும்! வேறு கம்பெனிகளின் கடிகாரங்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் சில வசதிகள் அதே கம்பெனிப் போன் இருந்தால்தான் வேலை செய்யும். கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இரண்டாவது, கடிகாரத்துக்குத் தனி இணைப்பு இல்லாவிட்டால் போன் பக்கத்தில் இருக்கவேண்டும். போன் திண்ணையில், தாத்தா கொல்லையில் என்றால் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது, சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து விழுந்தால் கடிகாரத்துக்குத் தெரியாமல் போகலாம்.

நான்காவது, முதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடங்களில் ஒன்று குளியல் அறை. அங்கே போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டால் என்ன பயன்? தண்ணீர் புகாத கடிகாரமாக இருக்கவேண்டும். அதைக் கழற்றாமல் இருக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட தாயார் சற்று யோசித்தார். "தம்பி, கடிகாரம் விழுந்த பிறகுதானே கூப்பிடும்? விழாமல் இருக்க வழி பார்க்க வேண்டாமா?" என்றார்.

நான் படித்த அறிக்கைகளில்கூட இவ்வளவு தெளிவான கேள்வி இல்லை!

பழைய கடிகாரம் சொல்லும் பாடம்

தாத்தாவின் கையில் ஏற்கெனவே ஒரு கடிகாரம் இருக்கிறது. 1978-ல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் சம்பளத்தில் வாங்கியது. ஹெச்.எம்.டி. கடிகாரம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது. தினமும் காலையில் சாவி கொடுக்கிறார். இன்றும் ஓடுகிறது.

அந்த ஹெச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடுவது என்று 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆனால் தாத்தாவின் கடிகாரம் நிற்கவில்லை.

அதே 2016-ல்தான் "பெபிள்" கம்பெனியும் மூடப்பட்டது. அந்தக் கடிகாரங்களுக்கு வேண்டிய சேவையைத் தந்த இயந்திரங்களை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். பல வசதிகள் போய்விட்டன. ஆர்வம் உள்ள சிலர் சொந்த முயற்சியால் அவற்றுக்கு மறுவாழ்வு தந்தார்கள். எல்லாக் கம்பெனிக்கும் அப்படி நல்லவர்கள் வாய்ப்பார்களா?

ஸ்மார்ட் கடிகாரம் தனியாக வாழும் பொருள் அல்ல. கம்பெனி இருக்கவேண்டும். போனில் அதற்குரிய செயலி இருக்கவேண்டும். மின்கலம் நன்றாக இருக்கவேண்டும். சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்துவிடும். அதன் சார்ஜர் தொலைந்தால் வேறு கடிகாரத்தின் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,500 ரூபாய்க் கடிகாரம் இரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,250 ரூபாய். 30,000 ரூபாய்க் கடிகாரம் நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 7,500 ரூபாய். அதாவது மாதம் 625 ரூபாய். "மாதம் 625 ரூபாய்க்கு இது எனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் ரகசியம்

இன்னொரு விஷயம். கடிகாரம் உங்களைப் பற்றி உங்களுக்கு மட்டும் சொல்வதில்லை. கம்பெனிக்கும் சொல்கிறது!

"ஸ்டிராவா" என்ற நிறுவனம், கடிகாரம் கட்டி ஓடுகிறவர்களின் பாதைகளைச் சேர்த்து ஓர் உலகப் படம் வெளியிட்டது. 2018-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு மாணவர் அதை உற்றுப் பார்த்தார். பாலைவனத்தின் நடுவே ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவை ராணுவ முகாம்கள்! சிப்பாய்கள் காலையில் ஓடிய பாதையே முகாமைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நாம் சிப்பாய்கள் அல்ல. இருந்தாலும் எப்போது தூங்குகிறோம், எங்கே போகிறோம், என்ன வியாதி என்பது நம் வீட்டு விஷயம். செயலியைப் போடும்போது அது கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள். அடி எண்ணும் கடிகாரத்துக்கு உங்கள் போட்டோக்கள் எதற்கு? "கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நீட் தேர்வுக் கூடத்தில் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. விலை உயர்ந்த கடிகாரத்தை வாசலில் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

வாங்குமுன் ஏழு கேள்விகள்

1. எனக்கு எது வேண்டும்? ஒரு காகிதத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கடைக்குப் போகவேண்டாம்.

2. என் போனுடன் சேருமா? போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே இணைத்துப் பாருங்கள்.

3. எத்தனை நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்யவேண்டும்? சில கடிகாரங்கள் தினமும் கேட்கும். சில, ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

4. தண்ணீர் தாங்குமா? "5 ஏ.டி.எம்." என்று இருந்தால் நீச்சலுக்கும் ஆகும். சுடுதண்ணீரும் சோப்பும் எந்தக் கடிகாரத்துக்கும் ஆகாது.

5. கடிகாரத்திலேயே வழிகாட்டும் ஜி.பி.எஸ். இருக்கிறதா, போனில் உள்ளதைக் கடன் வாங்குகிறதா?

6. பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும், "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? பில் கொடுப்பார்களா? பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் இருக்கிறதா?

7. சர்க்கரை பார்க்கும் என்று போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகார் செய்யலாம்.

யாருக்கு வேண்டும்?

தனியாக வசிக்கும் முதியவர், பொருத்தமான போன் வைத்திருப்பவர், வாங்கச் சக்தி உள்ளவர், விழுந்தால் கூப்பிடும் கடிகாரத்தை வாங்கலாம். நாடித் தாளம் தப்புகிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால், அவரைக் கேட்டு வாங்கலாம். நடக்கவும் ஓடவும் பழக நினைக்கும் இளைஞர், மலிவான கடிகாரத்தில் தொடங்கலாம். ஆறு மாதம் விடாமல் கட்டினால் பிறகு உயர்ந்ததைப் பற்றி யோசிக்கலாம்.

அண்டை வீட்டார் கட்டியிருக்கிறார்கள் என்பதற்காக வாங்குகிறவர், கடன் வாங்கித் தவணை கட்டுகிறவர், டாக்டருக்குப் பதிலாகக் கடிகாரம் என்று நினைக்கிறவர் வாங்க வேண்டாம்.

போனஸ் என்ன ஆயிற்று?

கண்டக்டர் வீட்டில் மறுபடியும் சபை கூடியது. இந்தத் தடவை தாயார் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சர்க்கரைக் கடிகாரம் திரும்பிப் போயிற்று. ஒரு வாரத்தில் பணம் வந்துவிட்டது. தாத்தாவின் பழைய கருவிக்கு நூறு பரிசோதனைப் பட்டைகள், ரூ.2,000. பிரஷர் கருவி, ரூ.2,000. குளியல் அறையில் சுவரோடு இரும்புக் கைப்பிடி, கீழே வழுக்காத விரிப்பு, கொத்தனார் கூலி உள்பட ரூ.1,800. பையனுக்கு அடி எண்ணும் கடிகாரம், ரூ.2,500. ஆக மொத்தம் ரூ.8,300. மீதி ரூ.8,500-ல் தீபாவளித் துணியும் பலகாரமும்.

பையனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. தினமும் மாலையில் தாத்தாவை அழைத்துக்கொண்டு நடக்கவேண்டும்.

நேற்று மாலை இருவரையும் தெருமுனையில் பார்த்தேன்.

"இன்று எவ்வளவு?" என்று கேட்டேன்.

"4,600 அடி, சார்!" என்றான் பையன், கடிகாரத்தைப் பார்த்து.

தாத்தாவும் தம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறே கால். வா, ஊசி போடும் நேரம் ஆகிவிட்டது" என்று பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.